எரிகிற விளக்கை ஏன் மாற்றச் சொல்கிறோம்

எங்களிடம் குட்டி ஆமை வாங்கிப்போன எல்லோருக்கும் வணக்கம்.

"நன்றாக எரிகிற விளக்கை மாற்றச் சொல்லிக் காசு பிடுங்குகிறார்கள்" என்று எங்களைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது, எங்களுக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். போனை எடுப்பதில்லை, கடையில் ஆள் போதவில்லை என்பதெல்லாம் உண்மைதான், ஒத்துக்கொள்கிறோம். ஆமைகளைப் பார்த்துக்கொண்ட பையன் வேலையை விட்டுப் போனதிலிருந்து நாங்கள் தடுமாறுகிறோம். ஆனால் காசு பிடுங்குகிறோம் என்பது மட்டும் சுருக்கென்று தைக்கிறது.

நாங்கள் மாற்றச் சொல்வது ஆமை இருக்கிற இடத்தில் மாட்டுகிற யூவிபி விளக்கை. யூவிபி என்பது வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரில் ஒரு வகை. அந்த விளக்கில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் வேறு, ஆமைக்கு வேண்டிய இந்தக் கதிர் வேறு. அந்தக் கதிர் பட்டால்தான் அதன் தோலில் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்கிற கால்சியம் உடம்பில் ஒட்டும், ஒட்டாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகி கால் எலும்பும் வளைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர், விளக்கின் வகையைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்தில் நன்றாகக் குறைந்துவிடும். வெளிச்சமோ அதற்குப் பிறகும் பளிச்சென்று இருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, மீட்டர் வேண்டும். மீட்டர் எங்களிடம் இருக்கிறது, விளக்கைக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் அளந்து காட்டுகிறோம், கதிர் இருந்தால் அதே விளக்கோடு வீட்டுக்குப் போங்கள். ஏமாற்றுகிறவன் இதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.

ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். போதாது, ஜன்னல் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். வெளியே நேர் வெயிலில், ஒதுங்க நிழலோடு, தினமும் விட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. வெயிலை நாங்கள் விற்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்கிறோம்!

சென்ற வருடம் ஆமையோடு கொடுத்த ஆரம்பப் பெட்டிகளில் சிலவற்றில் யூவிபி விளக்கு இல்லாமல் சூடு தரும் பல்பை மட்டும் வைத்துக் கொடுத்துவிட்டோம், அதை வாங்கியவர்களுக்கு யூவிபி விளக்கு கொடுத்துவிடுகிறோம். சரி, அடுத்தது சாப்பாடு. நார்ச்சத்துள்ள இலைதழைதான் முக்கியம். பழம் கொடுத்தால் ஆசையாகத் தின்னும், அதற்காகத் தினமும் கொடுக்காதீர்கள்.

வாரம் தவறாமல் சமையலறைத் தராசில் எடை பார்த்து, நோட்டில் எழுதிக் கொண்டுவந்து காட்டுகிறீர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. குட்டியின் எடை மூன்று வாரமாக ஏறவில்லை என்று அப்படி ஒரு நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது, உடனே மருத்துவரிடம் அனுப்ப முடிந்தது. இப்போது அது ஓடித்திரிகிறது, ஆமை ஓடுகிற அளவுக்கு.

விளக்கை அளக்க எந்த நாளும் வரலாம். வாங்கிய தேதியை அதன் மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். ஆமையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், விளக்கு மட்டும் போதும்.