கார்ப்பரல் ஜோன்ஸ்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பேத்தியின் காதுகுத்து, அது முடிந்ததும் எனக்குக் காய்ச்சல் என்று பதில் தள்ளிப்போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. முழங்காலுக்கு நீ போட்டுக்கொள்ளும் எண்ணெய் எங்கே கிடைக்கிறது, எழுது. எனக்கும் மாடிப்படி ஏற முடியவில்லை.

காய்ச்சலில் படுத்திருந்தபோது பேரன் போனில் பழைய மாரத்தான் ஓட்டங்களைப் போட்டுக் காட்டினான். அதில் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். ஸ்டீவ் ஜோன்ஸ், வேல்ஸ்காரன். 1955-ல் டிரெடிகர் என்ற ஊரில் பிறந்தவன், ஏறக்குறைய நம் வயதுதான். பிரிட்டிஷ் விமானப்படையில் விமானம் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். பதவி என்ன தெரியுமா? கார்ப்பரல், நம்மைப் போலப் படையில் கீழ்நிலைக்காரன்! அதனால்தான் அவர், இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

1983-ல் சிகாகோவில் பாதியில் விலகியவன், அடுத்த வருடம் அதே ஊருக்கு வந்தான். அந்த வருட ஒலிம்பிக் தங்கம் வாங்கிய லோபஸும் உலகச் சாம்பியன் டி காஸ்டெல்லாவும் ஓடினார்கள். இருவரையும் பின்னால் விட்டு 2 மணி 8 நிமிடம் 5 நொடியில் (2:08:05) முடித்தான். உலக சாதனை. கையில் கடிகாரமே கட்டவில்லை. முடித்த பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் சாதனை என்பதே அவனுக்குத் தெரிந்ததாம். நாமெல்லாம் பரேடு மைதானத்தில் இரண்டு சுற்று ஓடிவிட்டு மூன்று தடவை மணி பார்த்தவர்கள்.

1985-ல் லண்டனிலும் அவனுக்குத்தான் முதலிடம். வயிறு கலக்கி நடுவழியில் ஒதுங்கிவிட்டு வந்தும் 2:08:16. சிரிக்காதே, உனக்கு அது நடந்த ஊர் எது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த அக்டோபரில் மறுபடியும் சிகாகோ. முதல் பாதியை 62 நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, மிச்சத்தைத் தன்னந்தனியாக ஓடினான். 2:07:13. கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம், அப்படியே 42 கிலோமீட்டர்! ஆனால் அதற்குள் லோபஸ் ராட்டர்டாமில் 2:07:12 ஓடி வைத்திருந்தார். ஒரே ஒரு நொடி. கடிகாரம் கட்டியிருந்தால் அந்த நொடியைப் பிடித்திருப்பானா என்று பேரன் கேட்டான். கட்டியிருந்தால் பயந்து மெதுவாகப் போயிருப்பான் என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் ஓட்டக்காரர்களில் அந்த நேரத்தை 2018 வரை யாரும் தாண்டவில்லை. மோ ஃபாரா வரவேண்டியிருந்தது.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்குத் தூக்கம் வராமல் செய்தது 1986, ஸ்டுட்கார்ட், ஐரோப்பிய சாம்பியன்ஷிப். தன் வழக்கப்படி ஆரம்பத்திலிருந்தே விரட்டினான். இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னால் போய்விட்டான். பிறகு உடம்பில் இருந்த சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிட்டது போல, கால் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். உலக சாதனை படைத்தவன், ஓரமாகப் போய் உட்கார்ந்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? உட்காரவில்லை. 2 மணி 22 நிமிடத்தில், 20-வது ஆளாக வந்து சேர்ந்தான். இரண்டு வருடம் கழித்து நியூயார்க்கில் மூன்று நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தான். அது பெரிய வெற்றிதான், ஆனால் எனக்கென்னவோ மனம் ஸ்டுட்கார்டிலேயே நிற்கிறது. பிற்பாடு அமெரிக்காவில் போல்டர் என்ற மலையூரில் குடியேறி, மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தானாம்.

டிரெயினிங்கில் நமக்கு வைத்த கிராஸ் கன்ட்ரி ஞாபகம் இருக்கிறதா? விலா பிடித்துக்கொண்டது என்று நான் ஆறாவது கிலோமீட்டரில் உட்கார்ந்து, லாரியில் ஏறி வந்துவிட்டேன். நீ எல்லோருக்கும் கடைசியாக, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு வந்தாய். லாரி உன் பக்கத்தில் நின்றதையும் டிரைவர் உன்னைக் கூப்பிட்டதையும் நான் மேலேயிருந்து பார்த்தேன். அன்றைக்குக் கேட்க வெட்கமாக இருந்தது. இப்போதாவது எழுது, ஏன்டா ஏறவில்லை?

அன்புடன்,
ராமலிங்கம்