தண்டையார்பேட்டை மண்டல மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பொது ஸ்டெம் கற்றல் மையம் கோரும் மனு

அனுப்புநர்
அறிவியல் ஆசிரியர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்,
தண்டையார்பேட்டை மண்டலம், சென்னை.

பெறுநர்
துணை ஆணையர் (கல்வி) அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம், சென்னை – 600 003.

பொருள்: பத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான ஸ்டெம் கற்றல் மையம் அமைத்து, பணியிடமும் ஆண்டுத் தொகையும் ஒப்பளிப்பு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய துணை ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் மண்டலத்தில் அருகருகே உள்ள பத்து மாநகராட்சிப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மையம் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பள்ளிக்கொரு பெட்டி கருவி வாங்கித் தரலாமே என்று தோன்றும். ஆனால் பள்ளி ஆய்வகம் படுத்துவிடுவது பெரும்பாலும் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால்தான். மல்டிமீட்டரை மின்னோட்ட அளவீட்டில் வைத்தபடியே மாணவர் பேட்டரியின் இரு முனையையும் தொட்டால் உள்ளே ஃபியூஸ் போய்விடும். மாற்ற சில ரூபாய்தான் ஆகும். திறக்கத் தெரிந்தவர் இல்லாததால் மீட்டரே கெட்டதாக பீரோவுக்குள் போகிறது. மைக்ராஸ்கோப் கடலோர ஈரக்காற்றில் மூடிய பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். முற்றிய பின் துடைத்தாலும் தழும்பு நிற்கும். சிலிக்கா ஜெல்லை அவ்வப்போது சூடாக்கி உலர்த்திப் போட ஒருவர் இருந்தால் இது வராது.

ஆகவே முதல் கோரிக்கை ஆட்கள்: பி.எட். முடித்த அறிவியல் பட்டதாரி ஒருவர் பொறுப்பாளராகவும், எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த டெக்னீஷியன் ஒருவரும் வேண்டும். மாற்றுப்பணியில் ஆசிரியரை அனுப்பி நடத்தினால், அவர் திரும்பும் நாளில் மையத்துக்குப் பூட்டு விழும். மையத்தின் பெயரிலேயே பணியிடம் ஒப்பளிக்கப்பட வேண்டும்.

2022-இல் தொடங்கிய தமிழக அரசின் பள்ளி அறிவியல் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் 6 முதல் 8 வரை உள்ள வகுப்புகளில் செய்து காட்டும் எளிய பரிசோதனைகள் பள்ளியிலேயே தொடரட்டும். பையில் தூக்கி வர முடியாதவற்றுக்கே இம்மையம்.

இடத்துக்கு 20 அடிக்கு 20 அடி வகுப்பறைகள் நான்கு, அதாவது 1,600 சதுர அடி போதும். பள்ளி மாணவர் கருவிகள் செய்து பழகும் அடல் டிங்கரிங் ஆய்வகத்துக்கு மத்திய அரசின் நிதி ஆயோக் கேட்பதும் 1,500 சதுர அடிதான். அறைகளைச் சேர்க்கிறோம் என்று பழைய கட்டடத்தின் சுவரை இடிக்க வேண்டாம். அது பாரம் தாங்கும் சுவராக இருக்கக்கூடும், வாசல் திறந்தால் போதும். 2015, 2023 டிசம்பர்களில் கட்டடம் உள்ள தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று வார்டு பொறியாளரிடம் கேட்டே கட்டடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாடியில் வைத்தால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு வழியில்லை. உயர்த்திய தரைத்தளமும் சாய்தளமும்தான் எங்கள் விருப்பம். மின்சாரத்துக்குத் தனி இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., ஆண்டுதோறும் எர்த் சோதனை ஆகியவை மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும்.

ஒரு அமர்வுக்கு 40 மாணவர் என்றால், மூவர் வீதம் 14 மேசை. உதிரியுடன் 17 கிட் வேண்டும். ஒவ்வொன்றிலும் புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டான ஆர்டுயினோ ஊனோ, சால்டரிங் இல்லாமல் சுற்று அமைக்கும் 830 துளை பிரெட்போர்டு, எல்.இ.டி., 220 ஓம் ரெசிஸ்டர், தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், சிறு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்), மோட்டார் டிரைவர், நான்கு ஏஏ பேட்டரிக்கான ஹோல்டர். ஊனோவின் ஒரு பின் (இணைப்பு முனை) தாங்குவது 20 மில்லியாம்பியர்; அதில் மோட்டாரை நேரடியாக இணைத்தால் பின் செத்துவிடும். சர்வோவுக்குப் போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்தால் போர்டு அடிக்கடி ரீசெட் ஆகும், மாணவரோ புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பார். அதனால்தான் டிரைவரும் தனி பேட்டரியும். முதலில் கெடுவது யு.எஸ்.பி. கேபிள், அதை மட்டும் 30 வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரி வேண்டாம், வீங்கினால் ஆபத்து.

3டி பிரின்டர் இரண்டுக்கு மேல் தேவையில்லை. உள்ளங்கை அளவுப் பொருளுக்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வந்த அன்று வடிவமைத்துவிட்டு, அச்சானதை அடுத்த முறை வாங்கிப்போவதுதான் நடக்கும். அச்சிடப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையைத் திறந்து வைத்தால் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சிப் பொரியும், இழை உருகி வெளிவரும் நாசில் அடைக்கும். காற்றுப் புகாத டப்பா கட்டாயம். நடுவில் மின்சாரம் போனால் அச்சும் வீண் என்பதால் 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். தேவை. சால்டரிங் மூலையில் வெப்பக் கட்டுப்பாடுள்ள ஆறு அயர்ன், எக்ஸாஸ்ட் ஃபேன், பாதுகாப்புக் கண்ணாடிகள் போதும்.

கால அட்டவணை: காலை ஒன்று, பிற்பகல் ஒன்று, வாரம் 10 அமர்வு. பள்ளிக்கு 7, 8, 9 வகுப்புகளில் ஒவ்வொரு பிரிவு என்றால் 30 பிரிவுகள். ஒரு பிரிவு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். தேர்வு, மழை விடுமுறை கழித்து 24 வாரம் கிடைத்தால் ஆண்டுக்கு 8 வருகை. சனிக்கிழமை பழுது பார்க்க. பள்ளி நேரப் பேருந்து நெரிசலில் 40 பேரை ஏற்ற முடியாது; 1 கிலோமீட்டருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு வாடகைப் பேருந்து வேண்டும். உடன் வரும் ஆசிரியர் முந்தைய வாரமே அதே பரிசோதனையைத் தானே செய்து பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுலா ஆகிவிடும்.

நிதியைப் பொறுத்தவரை, அடல் ஆய்வகத்துக்குத் தரப்படும் 20 லட்சத்தில் பாதி கருவிக்கு, பாதி ஐந்தாண்டு நடத்துவதற்கு. அந்த விகிதத்தை இங்கும் பின்பற்றலாம். எல்லாவற்றையும் ஒரே "லேப் பேக்கேஜ்" டெண்டராக விட்டால் ஸ்மார்ட் போர்டும் நாற்காலியும் தொகையைத் தின்றுவிடும். கருவிகளைத் தனியாகப் பிரித்து, உதிரிப் பாகங்களும் மூன்றாண்டு பராமரிப்பும் நிபந்தனையாக வேண்டும். ரெசிஸ்டருக்கு டெண்டர் விட முடியாது, மாதம் ரூ.5,000 நிரந்தர முன்பணம் இருந்தால் பொறுப்பாளர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் அன்றே வாங்கிவிடுவார். எல்.இ.டி., கம்பி, பேட்டரி போன்றவற்றை இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் நுகர்பொருள் பதிவேட்டில் எழுத அனுமதிக்க வேண்டும். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயமே பல பீரோக்களைப் பூட்டி வைத்திருக்கிறது.

வரும் ஜூனில் மையம் திறக்க ஏதுவாக, கட்டடத் தேர்வுக்கான கூட்டு ஆய்வுக்கு உத்தரவிட்டு, பணியிடக் கருத்துருவை அரசுக்கு அனுப்பி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆய்வின்போது பொருள் பட்டியலுடன் நாங்கள் வந்து உதவத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தண்டையார்பேட்டை மண்டல அறிவியல் ஆசிரியர்கள், பெற்றோர்
இடம்: சென்னை