மூடிக்குள் ஈரம்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மா காலமை பம்பலப்பிட்டிக் கோயிலில் உங்கள் இரண்டு பேர் பெயரிலும் அர்ச்சனை செய்வித்தா. இரண்டு பேர் பெயரிலும்தான்.

எங்கள் மொறிஸ் மைனர் கார் மூன்று நாள் படுத்துவிட்டது. எஞ்சினில் எண்ணெய்ப் பிசுக்குக் கூடிப்போனதால் புதன்கிழமை கழுவக் கொடுத்தேன். பிரஷர் தண்ணீர் அடித்துப் பளபளவென்று தந்தார்கள், ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. காலி வீதியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். 1961 ஆம் ஆண்டு வண்டி, உன் அப்பப்பா ஓடிய வண்டி, ஊரே பார்த்தது.

பற்றரி நல்லது. சாவியைத் திருப்பினால் பம்ப் டிக் டிக் என்கிறது, ஆகவே பெற்றோலும் வருகிறது. ஒரு பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்புக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு அம்மாவை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னேன். பொறியே இல்லை. பிளக்குகளுக்குப் பொறிக்கான மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் கொயில்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, பஞ்சிகாவத்தைக்கு அலைந்து புதுக் கொயில் வாங்கி வந்தேன். அவசரக்குடுக்கை! அதற்குப் பிறகுதான், அந்த மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே பித்தளைக் குமிழ்களைச் சுற்றி வேர்வை மாதிரிப் பொடிப்பொடியாகத் தண்ணீர். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்திலேயே வழிந்துவிடுகிறது. பழைய நூல்சேலைத் துண்டால் துடைத்து, மொட்டைமாடி வெயிலில் அரை மணித்தியாலம் வைத்தேன். முதல் இழுவையிலேயே பிடித்தது.

அங்கே நீங்களும் சூட்டோடு எஞ்சினில் தண்ணீர் அடிக்காதீர்கள். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, டிஸ்ரிபியூட்டரைப் பொலித்தீனால் கட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும். உங்கள் புது வண்டியில் டிஸ்ரிபியூட்டரே இல்லை என்று மருமகன் சொன்னார். தைப்பொங்கலன்று சொன்னது. அதற்குப் பிறகு அவர் குரலைக் கேட்கவில்லை. வேலை கூடப் போல. சரி. எப்படியும் சூட்டோடு தண்ணீர் அடிக்காதே.

நீ ஓ.எல். சோதனை எழுதிய வருடம் வாளியும் சவர்க்காரமுமாக மைனரின் எஞ்சினைக் கழுவினாயே. ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினேன். 'எஞ்சினைக் கொன்றவள்' என்று உன் கல்யாண வீட்டிலும், சம்பந்தி வீட்டார் முன்னால், சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அன்றைக்கு உன் தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்திருக்கும், பிள்ளை. கோபத்தில் நாலு பிளக் வயரையும் பிடுங்கியது நான். திருப்பி மாட்டும்போது 1, 3, 4, 2 என்ற ஒழுங்கை விட்டு 1, 2, 3, 4 என்று மாட்டியதும் நான்தான். மெக்கானிக் பாஸ் வந்து இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நீ பொனற்றைத் தொடவேயில்லை. எது பழுதானாலும் எனக்குச் சொல்லாமல் விடுவதும் அன்றைக்குத்தான் தொடங்கியதோ என்று மொட்டைமாடியில் அந்த மூடிக்குக் காவல் இருந்தபோது யோசித்தேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது; இன்றிரவு சொல்லிவிடுவேன்.

புதுக் கொயில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டாராம்.

அடுத்த ஞாயிறு எடுக்கும்போது வீடியோவில் வா. அவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வா.

அப்பா