கேம் பெட்டியை விற்றுவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பிள்ளைகள் வீட்டில் வைக்கும் கோரிக்கைகளில் கேம் கன்சோலுக்கு முதலிடம் உண்டு. இனி அந்தப் பெட்டியே தேவையில்லை, மாதச் சந்தா கட்டினால் எல்லா ஆட்டங்களையும் இணையம் வழியாகவே ஆடிவிடலாம் என்ற பேச்சு இப்போது பெற்றோரிடையேயும் பரவியிருக்கிறது. 17 வயது மகனுக்காக இரண்டு வழிகளிலும் பணம் செலவழித்துப் பார்த்த தாய் நான். அந்தப் பேச்சை நம்பி, வீட்டில் இருக்கும் பெட்டியை யாரும் விற்றுவிட வேண்டாம் என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிளவுட் கேமிங்கின் கவர்ச்சி எனக்குப் புரியாமலில்லை. ஆட்டத்தை இயக்கும் கணினி எங்கோ ஒரு தரவு நிலையத்தில் இருக்கும். அங்கிருந்து படம் மட்டும் காணொளியாக நம் திரைக்கு வரும். நாம் அழுத்தும் பொத்தானின் செய்தி இங்கிருந்து அங்கே போகும். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் பெட்டி சிங்கப்பூரில் விற்பனைக்கு வந்தபோது வட்டு போட்டு ஆடும் வகையின் விலை 729 வெள்ளி. அவ்வளவு பணத்தை ஒரே நேரத்தில் எடுத்து வைக்க இயலாத குடும்பத்துக்கு மாதச் சந்தா பெரிய ஆறுதல். பழைய மடிக்கணினி மட்டுமே வைத்திருக்கும் மாணவருக்கும் அதுவே எளிய வழி. நம் ஊரில் இணைய வேகத்துக்கும் குறைவில்லை. நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வரை உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் வேகம் வேறு, தூரம் வேறு. இணையத்தில் திரைப்படம் பார்க்கும்போது அடுத்த சில நிமிடக் காட்சிகள் முன்கூட்டியே வந்து காத்திருக்கும் என்பதால் நடுவில் இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆட்டத்தில் அதற்கு வழியில்லை. ஆடுபவர் பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்த காட்சி உருவாகவே தொடங்குகிறது. கண்ணாடியிழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் செல்லும். தோக்கியோ நம்மிடமிருந்து சுமார் 5,300 கிலோமீட்டர். கம்பிவடத்தை நேர்க்கோட்டில் இழுத்தால்கூட, போய்வர 50 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். விநாடிக்கு 60 காட்சிகள் ஓடும் ஆட்டத்தில் அதற்குள் மூன்று காட்சிகள் கடந்துவிடும். படத்தைச் சுருக்கி அனுப்பவும் இங்கே விரித்துக் காட்டவும் ஆகும் நேரம் இதில் சேரவில்லை. எனவே நம் வீட்டு இணைப்பு எத்தனை கிகாபிட் என்பதைவிட, அந்தக் கணினி எந்த ஊரில் இருக்கிறது என்பதே முக்கியம். 2022 மே மாதம் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா புதிய வடிவில் இங்கு வந்தபோது, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஸ்ட்ரீமிங் வசதியோடு, அதாவது இணையம் வழியாகவே ஆடும் வசதியோடு விற்கப்பட்ட உயர்நிலைச் சந்தாவுக்குப் பதிலாக, அந்த வசதி இல்லாத ‘டீலக்ஸ்’ சந்தாவே சிங்கப்பூருக்குக் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் வீடு செங்காங்கில் உள்ள நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கண்ணாடியிழை இணைப்பு வரவேற்பறையில் முடிகிறது. மகனின் அறைக்கும் அதற்கும் இடையே பாம் ஷெல்டர் எனப்படும் வீட்டுப் பாதுகாப்பு அறையின் தடித்த கான்கிரீட் சுவர். ஒரு சேவையில் சந்தா கட்டிக் காற்பந்து ஆட்டம் ஆடத் தொடங்கிய முதல் வாரமே, பந்து வலைக்குள் போன பிறகு கோல்காவலர் பாய்வதை அவனுக்குப் பின்னால் நின்று நானே பார்த்தேன். அவன் சரியான நேரத்தில்தான் அழுத்தியிருந்தான். வைஃபையை விட்டுவிட்டு, கதவோரமாக 15 மீட்டர் லேன் கேபிள் இழுத்துக் கொடுத்தேன். பெருமளவு சரியானது. இருந்தாலும், இரவு ஒன்பது மணிக்கு மேல் படம் மங்குவதும் பின் தெளிவதுமாகவே இருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். நான்கு மாதங்களாக அவன் ஒரு சிறிய குழுவை வளர்த்து, ஒவ்வோர் ஆட்டக்காரராகச் சேர்த்து, மேல்பிரிவுக்குக் கொண்டு வந்திருந்தான். திடீரென்று ஒருநாள் அந்த ஆட்டம் சேவையின் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதாக மின்னஞ்சல் வந்தது. இரண்டு வாரம் அவகாசம். அவன் சேமித்து வைத்திருந்ததை இறக்கிக்கொள்ளவோ வேறிடத்துக்கு மாற்றவோ வழி தரப்படவில்லை. விளையாட்டுத்தானே என்று பெரியவர்கள் சொல்லிவிடலாம். அந்த நான்கு மாதமும் பாடம் முடித்த பிறகு கிடைத்த நேரத்தில் அவன் பொறுமையாகக் கட்டிய ஒன்று அது. அவன் முகம் வாடியதைப் பார்த்த எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஆன்லைவ் சேவை 2015 ஏப்ரல் 30ஆம் தேதி நின்றது. கூகல் எவ்வளவு பெரிய நிறுவனம்! அது 2019 நவம்பரில் 14 நாடுகளில் தொடங்கிய ஸ்டேடியாவும் 2023 ஜனவரி 18ஆம் தேதி மூடப்பட்டது. தன் கடையில் வாங்கிய ஆட்டங்களுக்கும் கருவிகளுக்கும் கூகல் பணத்தைத் திருப்பித் தந்தது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பணம் திரும்பினாலும், வாங்கிய ஆட்டம் கையில் இல்லை.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே இன்னொரு பெட்டியும் இருக்கிறது. என் அக்காள் மகன் தேசிய சேவைக்குப் போகும்போது, சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய தன் பிளேஸ்டேஷன் 3ஐயும் பதினொரு வட்டுகளையும் என் மகனிடம் கொடுத்துவிட்டுப் போனான். உறைகளின் உட்புறத்தில் கறுப்பு மார்க்கரில் அவன் பெயர் எழுதியிருக்கிறது. அதன் கீழே என் மகன் தன் பெயரையும் எழுதிக்கொண்டான். அந்தப் பெட்டி இன்றும் ஓடுகிறது. இணையம் இல்லாத நாளிலும் அந்த வட்டுகள் ஓடுகின்றன. அண்டை வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம்; ஆர்வம் தீர்ந்தால் கேரொசல் என்ற இணையச் சந்தையில் விற்று, வந்த பணத்தில் வேறொன்று வாங்கலாம். சந்தாவில் இதில் ஒன்றுகூட முடியாது.

பெட்டி இல்லாவிட்டால் மின்சாரமும் இடமும் மிச்சம் என்கிறார்கள். வீட்டில் மிச்சம்தான், அந்த வேலையைச் செய்யும் கணினி வேறொரு கட்டடத்தில் குளிரூட்டப்பட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மின்பயன்பாட்டில் ஏறத்தாழ 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கே சென்றது. புதியவற்றை அமைப்பதை 2019 முதல் சில ஆண்டுகள் அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்ததும் அதனால்தான்.

ஓர் ஆட்டம் பிடிக்குமா என்று பார்க்கவும், பயணத்தின்போது ஆடவும் ஸ்ட்ரீமிங் நல்லது. அதற்கு நானே மறுபடியும் பணம் கட்டுவேன். அதை விற்பவர்களிடம் நான் கேட்பது இரண்டே. ஆட்டம் எந்த நகரத்துக் கணினியிலிருந்து வருகிறது என்பதைச் சந்தாவின் விலைக்குப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். ஆட்டம் நீக்கப்பட்டாலோ சேவை நின்றாலோ, பிள்ளைகள் சேமித்ததை இறக்கி எடுத்துக்கொள்ளக் குறைந்தது மூன்று மாதம் அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செங்காங்