பையில இருக்கறது வெங்காயம் இல்ல கண்ணு

கண்ணு,

ஞாயித்துக்கிழமை மாமா பையன் புனே வந்து எறங்குனதும் உன்கிட்ட ஒரு மஞ்சப்பை தருவான். அதுல நியூஸ்பேப்பர்ல சுத்தி இருக்கறத பெரிய வெங்காயம்னு நெனச்சு சமையக்கட்டுல வச்சிறாத, அது அம்மாயி வீட்டு லில்லிக் கெழங்கு. பாக்க அப்படியே வெங்காயமாட்டம்தான் இருக்கும், தோல் கூட அதே மாதிரி உரிஞ்சு வரும், ஆனா வாயில வச்சா வாந்திதான். கூட தங்கியிருக்கற பொண்ணுகிட்டயும் இப்பவே சொல்லி வையி, அவதான் ராத்திரி பத்து மணிக்கு வந்து கையில கெடச்சத நறுக்கிப் போட்டு சமைக்கற ஆளு.

உங்க வீட்டுப் பூனைக்கு இது ஆகுமான்னும் இங்க ஒரு கால்நடை டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நாம லில்லின்னு கூப்புடறோமே தவிர இது அமரில்லிஸ் குடும்பத்துச் செடி, ஹிப்பியாஸ்ட்ரம்னு பேரு. பொக்கேல வெக்கறாங்களே அந்த அசல் லில்லின்னா பூனை இலைய மென்னாலோ, உடம்புல ஒட்டுன மகரந்தத்த நக்குனாலோ போதும் கிட்னியே போயிருமாம். இது அந்தளவுக்கு இல்ல, ஆனா இதுவும் விஷம்தான், அதுலயும் கெழங்குலதான் ஜாஸ்தி. அதனால தொட்டிய பூனை ஏறாத எடத்துல வையி, அப்படி எடம் இல்லன்னா நடவே வேண்டாம், எதுத்த வீட்டுல குடுத்துரு, நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.

ஏன் இப்ப திடீர்னு இதுன்னா, ஏற்காட்டுல நாகலூர் வீட்டு முன்வாசல்ல மாமா டைல்ஸ் போடப்போறாரு, அந்த சிமெண்ட் தொட்டிய எடுத்தே ஆகணும்னுட்டாரு. அதுவும் நல்லதுக்குத்தான். அம்மாயி போனதுக்கப்புறம் அதுல வெறும் எலைதான், பூவே இல்ல. முன்னாடி எல்லாம் கோடை விழா சமயத்துல அண்ணா பார்க்ல ப்ளவர் ஷோ பாத்துட்டு வந்து, நம்ம வாசல்ல இல்லாதது அங்க என்ன இருக்குதுன்னு அம்மாயி கேக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். மண்ணு மாத்தாம, பிரிக்காம அப்படியே கெடந்துச்சு, தாய்க் கெழங்கச் சுத்தி குட்டி, குட்டிக்கு ஒரு குட்டின்னு போட்டு ஒண்ணை ஒண்ணு நெருக்கி மேல தூக்கிக்கிட்டு நிக்குது, தண்ணி ஊத்துனா உள்ள எறங்காம விளிம்புல வழிஞ்சு ஓடிருது, அப்புறம் பூ எங்க வரும். தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தரு சொன்னாரு, ஏறக்குறைய நாலு எலை வளந்தாத்தான் கெழங்குக்குள்ள ஒரு பூ மொட்டு உருவாகுமாம். அந்த நெரிசல்ல ஒவ்வொண்ணும் ரெண்டு எலை விடறதே பெரும்பாடு.

போகி அன்னிக்கு நானும் அப்பாவும் மேல போயிட்டோம். இப்ப அங்க குளிரு, எலை எல்லாம் மஞ்சளாகி சாஞ்சு கெடக்குது, பிரிக்கறதுக்கு இதுதான் சரியான நேரம். தொட்டியக் கவுத்து அப்பா நாலு தட்டு தட்டுனாரு, வரல. கடைசில ஒரு பக்கம் உளி வச்சு ஒடச்சுத்தான் எடுத்தோம். உள்ள மண்ணே காணோம் கண்ணு, முழுக்க வேருதான், தொட்டியோட உருவத்துலயே சுத்திச் சுத்தி இறுகிப்போயி கெடந்துச்சு. ஒரு பக்கெட் தண்ணில முக்கி வச்சுட்டு ஒரு காபி குடிச்சுட்டு வந்து, வெரல விட்டு ஒவ்வொண்ணா நெகிழ்த்தினேன். வெள்ளையா, தடியா, அமுக்குனா கெட்டியா இருந்தா அது உசிருள்ள வேரு, வெட்டக்கூடாது. பழுப்பா, உள்ள ஒண்ணுமில்லாம வெறும் தோலா இருக்கறத இழுத்தா கையோட வந்துரும். தானா பிரியற குட்டிய மட்டும்தான் எடுத்தேன், ரெண்டு மூணு மட்டும் அடில ஒட்டிக்கிட்டு வரல, அதுக்கு கத்திய ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுட்டு ஆளுக்குக் கொஞ்சம் வேரு வர்ற மாதிரி பாத்து அறுத்து, வெட்டுன எடத்துல வெந்நீர் அடுப்புச் சாம்பல அப்பி நெழல்ல காயப் போட்டேன். அந்தப் பாலு பட்டு கையெல்லாம் ஒரே அரிப்பு, நீ தொடறப்ப கிளவுஸ் போட்டுக்க.

முப்பதுக்கு மேல தேறுச்சு. அப்புறம் ஆரம்பிச்சுது பாரு பங்கு பிரிக்கறது, அம்மாயி நகையப் பிரிக்கறப்ப கூட இவ்வளவு பேச்சு வரல. தையல் மிஷின் டேப்ப எடுத்து நான் அளந்து அளந்து வெச்சேன், சுத்தளவு எட்டு இஞ்சுக்கு மேல இருந்தாத்தான் நம்பிக்கையா பூ விடும், அதுக்குக் கீழன்னா ரெண்டு மூணு வருஷம் வளத்தணும். அத்தை பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டு, நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள இருக்கறதுலயே பெரிசு ரெண்டையும் முந்தானைல முடிஞ்சுக்கிச்சு. உனக்கு நான் தனியா எடுத்து வச்சது மூணு, எல்லாமே எட்டு இஞ்சு தாண்டினதுதான். பொடிசுங்க எல்லாம் இங்க அஸ்தம்பட்டில காம்பவுண்ட் ஓரமா நட்டிருக்கேன், ஏற்காடு குளுருல இருந்ததுங்க நம்ம சேலத்து வெயில்ல கருகிரக்கூடாதுன்னு மாமர நெழல் விழற பக்கமாவே வச்சிருக்கேன்.

நடறத நல்லா கவனி. தொட்டி பெருசா வாங்காத, கெழங்கச் சுத்தி ஒரு இஞ்சு ஒன்றரை இஞ்சு எடம் இருந்தாப் போதும், பெரிய தொட்டில ஈரம் தங்கி அழுகிரும். அடி ஓட்டைல ஒரு ஓட்டாஞ்சில்லு வையி. செம்மண்ணு, மணலு, மக்குன சாணி உரம் மூணும் சமமா, அங்க கரிசல் மண்ணுதான் கெடைக்குதுன்னா அது தண்ணியப் புடிச்சு வச்சுக்கும், அதனால பாதிக்கு மேல மணலும் தேங்காநார்த் தூளும் கலந்துக்க. முழுசா பொதைக்கக் கூடாது, கழுத்தும் தோளும் வெளிய தெரியணும், மூணுல ஒரு பங்கு மண்ணுக்கு மேல நிக்கட்டும். நட்ட அன்னிக்கு ஒரு தடவ தண்ணி, அதோட சரி, பச்சையா முனை எட்டிப் பாக்கற வரைக்கும் சொம்பத் தூக்கக்கூடாது. உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும், மணி பிளான்ட்டையே தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னவ நீ.

காலை வெயில் படற பக்கம் வையி. இந்த வருஷம் மார்ச் ஏப்ரல்ல பூத்தாலும் பூக்கும், பிரிச்சு நட்ட வருஷம் சும்மாவும் இருக்கும், அதுக்காகத் தோண்டிப் பாக்காத. பூத்து முடிஞ்சா தண்ட மட்டும் வெட்டு, எலைல கை வைக்காத, அடுத்த பூவுக்கு அதுதான் சோறு. யூட்யூப்ல வாழப்பழத்தோல ஊறவச்ச தண்ணி ஊத்தச் சொல்லுவாங்க, எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது, கொசுதான் வரும். மழைக்காலத்துல கருப்புல ஆரஞ்சுப் புள்ளி வச்ச புழு வந்தா மட்டும் லேசுல விட்ராத, கூட்டமா வந்து ரெண்டு நாள்ல எலைய மொட்டையடிச்சுரும், கையால பொறுக்கி சோப்புத் தண்ணில போடு. கெழங்கு தோல்ல செவப்புத் திட்டு இருந்தா பயப்படாத, அமுக்கிப் பாத்து கொழகொழன்னு இருந்தாத்தான் தூக்கிப் போடணும்.

அதே பைல தட்டுவடை தனி டப்பால இருக்குது, பாதிய அந்தப் பையன் ட்ரெயின்லயே முடிச்சிருப்பான், மிச்சத்த நமத்துப் போறதுக்குள்ள சாப்புடு. மாமாவுக்கு ஒரு போன் போட்டு கெழங்கு வந்துச்சுன்னு சொல்லிரு. அத்தை பெரிசு ரெண்ட முடிஞ்சுக்கிட்டது மட்டும் நான் சொன்னேன்னு உளறி வைக்காத.

அம்மா