தமிழ்ச் சபை விதை ஊழியக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

ஆயர் ஐயா அவர்களுக்கும், தலைவர் அக்காவுக்கும், குழுவின் அங்கத்தினர் எல்லோருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன வருஷம் நான் வாசித்த அறிக்கை, எத்தனை விதைப் பொட்டலம் அனுப்பினோம் என்ற எண்ணிக்கையோடு தொடங்கியது. எல்லோரும் கைதட்டினீர்கள். இந்த வருஷம் அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இங்கிருந்து ஒரு பொட்டலம்கூடப் போகாத மாதங்களில்தான் நம்முடைய ஊழியம் சரியான வழிக்கு வந்தது என்று நான் நம்புகிறேன். அதை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஃபுளோரிடாவில் சீசன் முடிந்ததும் கடைகள் விதை உறைகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும். நாம் அள்ளிக்கொண்டு வந்தோம். தக்காளி, முட்டைக்கோஸ், புரோக்கோலி, கேரட் என்று கண்ணில் பட்டதெல்லாம் வாங்கினோம். ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவி நாட்டின் தென்பகுதியில் ஊழியம் செய்கிற நம் சகோதரர் குடும்பத்துக்கு, அந்தப் பக்கம் போன ஒரு குழுவின் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினோம். முதல் தடவை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை விமான நிலையத்தில், விதையில் நோயோ பூச்சியோ இல்லை என்று அரசு கொடுக்கிற பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது. விதை முழுவதையும் எடுத்துக்கொண்டு போய் எரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. பசித்தவனுக்குப் போகிற விதையை எரிக்கலாமா என்று கேட்டோம். யோசித்துப் பார்த்தால், இந்த மாநிலத்தில் இருக்கிற நமக்கே இது தெரிந்திருக்க வேண்டும். 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்ட பசுமையாக்க நோய், பரம்பரை பரம்பரையாக இருந்த ஆரஞ்சுத் தோப்புகளை அழித்ததை நம் கண்ணாலேயே பார்த்தோம். அதைப் பரப்புகிற சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் இருக்கும் என்பதால்தான், நம் வீட்டுக் கறிவேப்பிலைக் கன்றை அடுத்த மாநிலத்தில் இருக்கிற தங்கச்சிக்கு இஷ்டம் போல அனுப்ப முடிவதில்லை. ஒரு இலையோடு அப்படி ஒரு பூச்சி போகும் என்றால், ஒரு பெட்டி விதையோடு என்னென்ன போகும்? ஏற்கெனவே வறட்சியில் இருக்கிற ஊருக்கு நாம் ஒரு நோயையும் சேர்த்து அனுப்பியிருந்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? எரித்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். தவறு நம்முடையது.

முதல் தடவை போய்ச் சேர்ந்த விதைகளைப் பற்றியும் சகோதரர் எழுதியிருந்தார். நான் கேட்ட பிறகுதான் எழுதினார். நம் மனம் புண்படும் என்று அதுவரை சொல்லாமல் இருந்திருக்கிறார். அங்கே ஜனங்கள் மக்காச்சோள மாவில் கிண்டிய என்சிமாவைக் கையால் உருட்டி, என்டிவோ என்கிற கீரைக் கூட்டோடு தொட்டுச் சாப்பிடுகிறவர்கள். புரோக்கோலி அவர்களுடைய சட்டியில் ஏறவே இல்லை. தக்காளி நன்றாகக் காய்த்தது. அந்தப் பழத்திலிருந்து ஒரு அம்மா விதை எடுத்து, சாம்பலில் புரட்டி, பத்திரமாக வைத்து, அடுத்த மழைக்கு விதைத்தார்கள். வந்த செடிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. சில காய்க்கவே இல்லை. நாம் அனுப்பியது வீரிய ஒட்டு விதை. அதிலிருந்து எடுக்கிற விதை தாயைப் போல வராது. உறையின் மேல் எழுதியிருந்தது, நாம் படிக்கவில்லை. தன் விதையை நம்பி வாழ்ந்த அந்த அம்மாவுக்கு நாம் ஒரு வருஷத்தை நஷ்டமாக்கியிருக்கிறோம். இந்த அறிக்கையை எழுத உட்கார்ந்த ஒவ்வொரு ராத்திரியும் அந்த முகம் தெரியாத அம்மாவைத்தான் நினைத்தேன்.

அப்புறம்தான் செயற்குழு கூடி, ஆறு மாதம் எதையும் அனுப்புவதில்லை, முதலில் படிப்போம் என்று முடிவு எடுத்தது. அதற்குச் சம்மதித்த எல்லோருக்கும் நன்றி. கொடுக்கிற கையை நிறுத்திவைப்பது எளிதான காரியம் இல்லை.

படித்ததில் எனக்கு மிகவும் உறைத்தது கரீபியன் கடலில் இருக்கிற ஹெய்ட்டி நாட்டின் கதை. 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு அங்கே நூற்றுக்கணக்கான டன் மக்காச்சோள, காய்கறி விதைகளை ஒரு பெரிய கம்பெனி இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. அவை ஒட்டு ரகங்கள். ஜூன் மாதம் ஹின்ச் என்ற ஊரில் விவசாயிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு அதற்கு எதிராக ஊர்வலம் போனார்கள். அதே வருஷம் விதை நிலைமையை ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், பெரும்பாலான இடங்களில் சந்தையில் உள்ளூர் விதை இருந்தது. அதை வாங்கக் கையில் காசுதான் இல்லை. பூகம்பத்தில் நகரத்திலிருந்து ஓடிவந்த சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டே அந்தக் குடும்பங்களின் சேமிப்பு கரைந்திருந்தது.

விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற நிலைமை என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் இது. கத்தோலிக்க நிவாரண சேவை அமைப்பு இதை முன்பே புரிந்துகொண்டு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவில் விதைச் சந்தைகளை நடத்தியிருக்கிறது. கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குக் காசுக்குப் பதிலாக விதை வாங்கச் சீட்டு கொடுப்பார்கள். குறித்த நாளில் அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் விதைகளைக் கொண்டுவந்து கடை போடுவார்கள். சீட்டு வைத்திருப்பவர் தனக்கு வேண்டிய ரகத்தைத் தானே பார்த்து, தடவி, பேரம் பேசி வாங்குவார். விற்றவருக்கும் காசு, வாங்கியவருக்கும் தன் மண்ணுக்குப் பழகிய விதை. கைநீட்டி வாங்குகிற அவமானம் இல்லை. இதைப் படித்த அன்று செயற்குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மலாவிக்கு வருகிறேன். 2023 மார்ச்சில் ஃபிரெடி புயல் தென்பகுதியைக் கிழித்துப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். அடுத்த பருவத்தில் எல் நினோ வறட்சி. 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர்ப் பகுதியாக அரசு அறிவித்தது. சாதாரண வருஷத்திலேயே ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே பசி மாதங்கள்தான். நவம்பரில் மழைக்கு விதைத்தது ஏப்ரலில்தான் வீடு வரும், போன வருஷத்துத் தானியமோ அதற்குள் தீர்ந்துபோகும். அந்த மூன்று மாதத்தைத் தாண்டச் சீக்கிரம் வருகிற கீரையும் பயறும் பூசணிக் கொழுந்தும் வேண்டும். மழை போனபிறகு, ஈரம் தங்குகிற தாழ்வான நிலத்தில் திம்பா என்று ஒரு தோட்டம் போடுகிறார்கள். காய்கறி விதை உண்மையில் உயிர் காப்பது இந்த இரண்டு இடத்திலும்தான்.

சகோதரரிடம் வீடியோ அழைப்பில் ஊர்ப் பெண்களையே கேட்கச் சொன்னோம். அவர்கள் சொன்ன பட்டியலைக் கேட்டபோது நம் அக்காமார் சிரித்தே விட்டார்கள். போனோங்வே என்றார்கள், அது நம் தண்டுக்கீரை இனம். நந்தோலோ என்றார்கள், அது துவரை. மலாவித் துவரை இந்தியாவுக்கே ஏற்றுமதி ஆகிறது, நம் சாம்பாரில் அது எத்தனை தடவை கொதித்திருக்குமோ. தட்டைப்பயறு கேட்டார்கள், பூசணி கேட்டார்கள். ஒருவர்கூட கேரட் கேட்கவில்லை. இவையெல்லாம் அங்கேயே கிடைக்கிற விதைகள். ஆகவே நம் நிதியின் பெரும்பகுதியை அங்குள்ள விவசாயிகளிடமே விதை வாங்கப் பயன்படுத்தச் சொல்லி அனுப்பினோம். எந்தக் குடும்பத்துக்கு என்று அவர்களுடைய சபையின் பெண்கள்தான் தீர்மானித்தார்கள். சபையில் சேராத குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாமும் எழுதியிருந்தோம். ஜெபக்கூட்டத்துக்கு வந்தால்தான் விதை என்று ஒருநாளும் ஆகிவிடக் கூடாது.

வடக்கு ஃபோர்ட் மயர்ஸில் இருக்கிற எக்கோ பண்ணைக்குப் போய்வந்தது இந்த வருஷத்தின் நல்ல நாள். ஹெய்ட்டியின் வறுமையைப் பார்த்து மனம் உடைந்து வந்த கிறிஸ்தவர்கள் 1970-களில் தொடங்கிய அமைப்பு அது. 1981-இல் மார்ட்டின் பிரைஸ் என்ற உயிர்வேதியியல் அறிஞர் பொறுப்பேற்ற பிறகு, உலகம் முழுவதும் உள்ள மிஷனரிகளும் விவசாய ஊழியர்களும் கேட்கிற கேள்விக்குப் பதில் எழுதுவதும், சோதனைக்கு விதை அனுப்புவதும் அதன் முக்கிய வேலையாயின. இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இப்படி ஒரு இடம் இருந்தும் நாம் இத்தனை வருஷம் கடைத் தள்ளுபடியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அங்கே அவர்கள் கொடுப்பது சின்னச் சின்னப் பொட்டலம். ஒரு கைப்பிடிகூட இருக்காது. முதலில் இது என்ன கஞ்சத்தனம் என்று எனக்குத் தோன்றியது. பிறகுதான் விளங்கியது. அந்த மண்ணில் வருமா, அந்த ஜனங்களுக்குப் பிடிக்குமா என்று ஒரு மூலையில் போட்டுப் பார்க்கத்தான் அது. பிடித்தால் அவர்களே விதை எடுத்துப் பெருக்கிக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தாய்லாந்தின் சியாங் மாயிலும், தான்சானியாவின் அருஷாவிலும், புர்கினா ஃபாசோவிலும் அவர்களுக்கு மையங்கள் உண்டு. மலாவிக்கு அருஷாதான் பக்கம். இனி அபூர்வ விதை எதுவும் வேண்டுமானால் சகோதரர் அங்கே நேரடியாகக் கேட்பார்.

பண்ணையைச் சுற்றிக் காட்டியபோது நம் பெரியவர்கள் அடைந்த சந்தோஷத்தை எழுதாமல் இருக்க முடியாது. உலகம் மறந்த பயிர்கள் என்று அவர்கள் காட்டியதெல்லாம் நமக்கு வீட்டுப் பயிர். மொச்சை, சிறகு அவரை, வாள் அவரை, பூனைக்காலி, தவசிக்கீரை. கடைசியில் முருங்கை. அதில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 ரகம் ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருக்கிறது. 1990-களின் கடைசியில் செனகலில் சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் அமைப்பின் லோவல் ஃபுக்லி, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முருங்கை இலைத் தூளைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வேலையை நடத்தினார். அங்கே அந்த மரத்துக்கு நெபெதாய் என்று பெயர். மலாவியில் சாம்வாம்பா. அங்கே மரம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் பல வீடுகளில் வேலியாக நிற்கிறது. ஆகவே நம் அக்காமார் இரண்டு பேர் வீடியோவில் நிழலில் காயவைத்துத் தூளாக்கிக் காட்டினார்கள். அந்தப் பெண்கள் பதிலுக்கு, வேர்க்கடலைப் பொடி போட்டுக் கீரை சமைக்கிற விதத்தைக் காட்டினார்கள். நான் வீட்டில் செய்து பார்த்தேன், பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சபைச் சமையலறையில் நடக்கிற விதை வேலை தடைப்படவில்லை. இப்போது பொட்டலம் போடுவதைவிட, விதையைப் பேணுகிற முறைகளைச் செய்து பார்த்துப் படம் எடுப்பதுதான் அதிகம். ஈரத்துணியில் பத்து விதையைச் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்க்கிறோம். நம் அலமாரியில் இரண்டு வருஷமாக இருந்த முருங்கை விதையில் பத்துக்கு இரண்டுகூட வரவில்லை. அந்த விதைக்குச் சீக்கிரம் உயிர் போய்விடும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வேண்டியதில்லை. காய்ந்த கண்ணாடிப் புட்டியில் விதையோடு நல்ல காய்ந்த உப்பைப் போட்டுக் குலுக்க வேண்டும், உப்பு புட்டியில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகு வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து, விதைப் புட்டிக்குள் போட்டு இறுக மூடினால் மிச்ச ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். இந்தப் படங்களைச் சிச்சேவா மொழியில் எழுதி ஒட்டுகிற வேலையை மலாவியிலேயே ஓர் ஆசிரியை செய்கிறார். அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது சரியான காரியம்.

நிதியைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊரில் கோயில் வாசலில் நடப்பது போலவே ஒரு முருங்கைக்காய்க் கட்டும் ஒரு பூசணிக்காயும் கை மாறி மாறி ஏலம் போயின. வாங்கியவர்களே திரும்பத் திரும்பக் காணிக்கையாக வைத்தார்கள். பிடி அரிசிக்குப் பதிலாக வாரம் ஒரு டாலர் உண்டியலில் போடுகிற பிள்ளைகளையும் நன்றியோடு நினைக்கிறேன்.

இந்த வருஷம் நம் மூத்த அம்மா ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வேப்பிலையும் சாம்பலும் போட்டு விதை வைக்கிற பக்குவத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் கடைசியாக எடுத்துவைத்த மொச்சை விதையை மகள் நம்மிடம் கொடுத்திருக்கிறார். நம் தோட்டத்தின் கிழக்குப் பந்தலில் அது இப்போது பூத்திருக்கிறது.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. சான்றிதழ் இல்லாமல் ஒரு விதையும் நம் பெயரில் எல்லை தாண்டக் கூடாது. ஒட்டு விதை வாங்குவதில்லை. அக்டோபர் முடிவதற்குள், அதாவது அங்கே மழை இறங்கும் முன், ஒரு சிறிய விதைச் சந்தைக்கு வேண்டிய பணம் போய்ச் சேர வேண்டும். அந்தத் தக்காளி அம்மா யார் என்று சகோதரர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். கண்டுபிடித்தால் முதல் சீட்டு அவருக்கு.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி உங்கள் முன் வைக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
செயலாளர்