சமணர் மலையில் ஆணிக் கிறுக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு விடிகாலை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போயிருந்தேன். பெரிய மலை ஒன்றுமில்லை. அய்யனார் கோயிலை ஒட்டிப் பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பேச்சிப்பள்ளம் வந்துவிடும். சுனைக்கு மேலே வரிசையாகத் தீர்த்தங்கரர் (சமணர்கள் வணங்கும் அருகர்) சிற்பங்கள். அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் கீழே வட்டெழுத்தில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்து. கொஞ்சம் தள்ளி, நம் காலத்து ஆட்கள் ஆணியால் கீறிய ஜோடிப் பெயர்களும் அம்பு தைத்த இதயமும்! அன்றைக்குப் பெயர் பொறித்தவர்கள் ஒரு சிலையையாவது கொடுத்துவிட்டல்லவா பொறித்தார்கள்?

இன்னும் மேலே, மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமண மடம் இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் மிச்சம். அதன்மேல் உட்கார்ந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆனால் உட்காருமுன் உடைந்த பாட்டில் சில்லுகளைப் பொறுக்க வேண்டியிருந்தது. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்த ஒரு சிறுவன் காலைக் கிழித்துக்கொண்டான்.

சரி, கேட்பது அதிகமில்லை. சாயங்காலம் இருட்டும் வரை மேலே ஒரு காவலர், தாமரைக்குளத்துப் பக்கம் இரண்டு குப்பைத் தொட்டிகள். அப்புறம், செட்டிப்புடவு என்ற குகைக்கு வழிகாட்டும் ஒரு பலகை, கண்ணில் படுகிற இடத்தில். மலையைச் சுற்றிக்கொண்டு போனால் பெரிய தீர்த்தங்கரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே தெரியாமல், குளத்தில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிய இரண்டு குடும்பங்களை அன்றைக்கே பார்த்தேன்.

ஒரு வாசகர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.